வாசல் கழுவிய தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறக்கப்போகிறது. எந்தக் கோவிலில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்ற தேதிகள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிட்டன. அதற்கு முன்னால், ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உறைகிற ஐஸைப் பற்றி நம் மக்கள் காதில் போட்டுவைக்கத்தான் இந்தக் கடிதம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். இந்த நாட்டில் ஆடி மாதம் குளிர்காலம். அங்கே ஆடிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். கல்யாணமாகி ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவுக்கு வந்து நாற்பது வருடமாகிறது. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிற ஊர். ஜூலை விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஆனால் இங்கே குளிர்காலத்தில் மழை கிடையாது. அதனால் ரோட்டில் ஐஸ் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன ஆடியில் எங்கள் வீட்டில் கூழ் வைத்திருந்தோம். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் பேரன் ஹோஸ் பைப்பைப் பிடித்து முற்றம், கேட், நடைபாதை எல்லாம் கழுவிவிட்டான். நான்தான் கழுவச் சொன்னேன். தண்ணீர் சரிவில் இறங்கி ரோட்டின் குறுக்கே ஓடி அப்படியே நின்றிருக்கிறது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எதிர்வீட்டுத் தம்பி வேலைக்குக் கிளம்பி வந்தார். சரக்கில்லாத காலி பக்கி, அதாவது சின்ன பிக்கப் வண்டி. எங்கள் வாசலில் அடுப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் பிரேக் போட்டிருக்கிறார். பின்பக்கம் அப்படியே சுழன்று வந்து எங்கள் கேட் தூணில் இடித்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு அந்தத் தூணருகேதான் என் பேத்தி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். தாரின் கறுப்புதான் தெரிந்தது. கை வைத்தால் கண்ணாடி. அந்தத் தம்பி என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்க ஆயா" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் இந்த நகரத்தில் பனி பெய்தபோது எல்லாரும் நிதானமாகத்தான் ஓட்டினார்கள். வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்ததே. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கறுப்பு ஐஸ்தான் ஆளை ஏமாற்றும். அது வருவது பெரும்பாலும் மனிதர் விட்ட தண்ணீரால்: உடைந்த குழாய், ராத்திரி ஓடுகிற ஸ்ப்ரிங்க்ளர், சாயங்காலம் கார் கழுவிய தண்ணீர், என் வீட்டு வாசல். பாலங்களின் மேல் இன்னும் சீக்கிரம் உறையும். மேலும் கீழும் காற்றுப் பட்டு, மண்ணின் சூடு இல்லாமல் போவதால்.

வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஐஸ் மேல் வண்டி நிற்க, சாதாரண தூரத்தைப் போல் பத்து மடங்கு வரை ஆகலாம். முன்னால் போகிற கோம்பி வேனை ஒட்டிப் போகாதீர்கள். ரோபோட் (சிக்னல் விளக்கு) பச்சையானாலும் ஒரு மூச்சு பொறுத்துக் கிளம்புங்கள், குறுக்கே வருகிறவரால் நிறுத்த முடியாமல் போகலாம். வண்டி வழுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். நம் கார்களில் இருப்பதெல்லாம் சாதாரண டயர். 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளம் 1 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சட்டம் விட்டுவிடும், ரோடு விடாது. முன்கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டி எடுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரும் தரையில் உறையும். உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். மடியில் பிள்ளையும் காலடியில் கூழ்ப் பானையுமாக ஒரு குடும்பமே அந்தக் காரில் இருக்கிறது. வயிறு கலங்குகிறது.

ஆடி முடிந்தால் குளிரும் போய்விட்டது என்றும் இருக்க முடியாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் மலைப்பக்கம் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் இடையே எத்தனை பேர் ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்தார்கள்! அந்தப் பக்கம் போகிறவர்கள் கம்பளி, தண்ணீர், நிறைந்த டேங்க் இல்லாமல் கிளம்பக் கூடாது.

கோவில் கமிட்டிக்காரர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். நான்கு மணிக்கே அடுப்பு மூட்டுவது நம் வழக்கம், தெரியும். அதற்காக இருட்டில், உறைந்த ரோட்டில் நூறு குடும்பங்களை வரவழைக்காதீர்கள். சமைக்கிற நாலு பேர் முந்தின ராத்திரியே கோவிலில் தங்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் வெயில் ஏறி எட்டரை மணிக்கு மேல் வரட்டும். மாரியம்மா அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

எங்கள் வீட்டுக் கூழ் இந்த வருடம் ஒன்பது மணிக்கு. வாசல் கழுவுவதைச் சனிக்கிழமை மத்தியானமே முடித்துவிடுவோம், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். எதிர்வீட்டுத் தம்பியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்