ஒன்பது நாளில் நான்கு ஆட்டம் போதும்

தூர், பிரான்ஸ்
மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாப்பா கல்யாணம் நல்லபடியாக முடிந்ததையும், முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நீ மறுபடி கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழி நடந்தே ஆடி முடித்ததையும் படித்து மனசு நிறைந்துவிட்டது. என் மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அண்ணன் சரியாகிவிட்டார், இனி யாராலும் பிடிக்க முடியாது" என்றாள்.

நாங்கள் இங்கே சௌக்கியம். குளிர் விலகிக்கொண்டிருக்கிறது. லுவார் ஆறு இப்போது இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நீ வரும்போது தண்ணீர் இறங்கி மணல் திட்டுகள் வெளியே தெரியும். கோடையில் காவிரியைப் பார்த்தது போலவே இருக்கும், பாரேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்தேன். ஒன்பது நாளில் ஏழு மைதானம், தினமும் ஓர் ஊரில் தங்கல், நடுநடுவே அரண்மனைகள். மாப்ளே, இது வேண்டாம். உன் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஊட்டி மைதானத்தில் பனி விலகும் முன்பே என்னை எழுப்பி இழுத்துப் போனவன் நீ. ஆனால் நானே இதே தப்பைப் பண்ணியிருக்கிறேன். இந்தப் பக்கம் குடிவருவதற்கு முந்தைய வருடம், ஒரு பயண ஏற்பாட்டாளர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஏழு நாளில் ஆறு ஆட்டம் ஆடினேன். ஷெனொன்சோ அரண்மனைக்கு மூட இருபது நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். ஆற்றின் மேல் நிற்கும் அந்த நீண்ட கூடத்தை இவள் ஏறக்குறைய ஓடியே கடந்தாள். திரும்பும் வழியில் காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான்: நான்கு ஆட்டம் போதும். மைதானத்தை அதன் பெயருக்காகத் தேர்ந்தெடுக்காதே. அன்றைக்கு எந்த அரண்மனையைப் பார்க்கப் போகிறோமோ, அதன் பக்கத்தில் எந்த மைதானம் இருக்கிறது என்று பார். இந்தப் பகுதியில் அதற்குக் குறைவே இல்லை. எண்பதுகளின் கடைசியில் பிரான்ஸ் முழுக்க மைதானம் கட்டும் அலை ஒன்று அடித்தது. காடும் குளமுமாகக் கிடந்த எத்தனையோ பண்ணை நிலங்கள் அப்போது மைதானமாக மாறின.

உன் பட்டியலில் முதலில் இருப்பது லே போர்த். அதை அடித்துவிடு. பிக் பேனா நிறுவனத்தைத் தொடங்கிய மார்செல் பிக் ஒரு ஜப்பானிய நண்பரோடு சேர்ந்து சொலோஞ் காட்டுக்குள் கட்டியது அது. வடிவமைத்தவர் அமெரிக்கரான ராபர்ட் வான் ஹெகி. ஐரோப்பாவின் மிகச் சிறந்த மைதானங்களுள் ஒன்று என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது அது உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வரும் விருந்தினர்களுக்கும் மட்டும்தான். நமக்கு அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. ஒன்று சொல்லட்டுமா? அந்த மைதானம் இருக்கும் அதே சொலோஞ் மண்ணில், கிரீன் ஃபீ என்ற ஆட்டக் கட்டணத்தைக் கட்டினால் யாரும் ஆடக்கூடிய மைதானங்கள் இருக்கின்றன. மேலே மணல், கீழே களிமண். அதனால் மழைத் தண்ணீர் இறங்காமல் தேங்கும். அந்தக் காலத்துத் துறவிகள் மீன் வளர்க்க வெட்டிய குளங்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பிர்ச்சும் பைனும் ஓக்கும் நடுவே, பந்தை அடித்துக்கொண்டு போகும் ஒரு ஃபேர்வே புல்வெளி, பக்கத்தில் அசையாத தண்ணீர். லே போர்த்தின் அழகில் பாதி இந்த நிலத்தின் அழகுதான்.

எனவே முதல் ஆட்டம் ஷெவர்னி. உன் முட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நிலம் தட்டை. பெரிய குளம் ஒன்று பல குழிகளில் கூடவே வரும். பந்தை நேராக அடிப்பவனுக்கு எந்த வம்பும் இல்லை, நீயும் நேராக அடிப்பவன்தான். போன அக்டோபரில் நான் தனியாக ஆடப் போனேன். புல்லில் பனி கனத்துக் கிடந்தது. என் ட்ராலிச் சக்கரம் போட்ட இரண்டு கோடுகள் மட்டும் பின்னால் கரும்பச்சையாகத் தெரிந்தன. குளத்தின் மேல் மூடுபனி இடுப்பளவு நின்றது. ஒரு சாம்பல் நாரை கரையில் ஒற்றைக் காலில் நின்றிருந்தது. நான் பந்தை அடித்த சத்தத்துக்குக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி தண்ணீரைப் பார்க்கத் தொடங்கியது. அன்றைக்கு எத்தனை அடியில் முடித்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

ஆனால் உன்னோடு வரும்போது அங்கே காலையில் ஆட வேண்டாம், மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்வோம். முற்பகலில் ஷெவர்னி அரண்மனையைப் பார்த்துவிடலாம். ஆறு நூற்றாண்டுகளில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் சொத்து அது. அந்த வம்சத்தார் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். வேட்டை நாய்கள் நூறு போல வளர்க்கிறார்கள். அவற்றுக்குச் சாப்பாடு போடுவதைத் தங்கச்சி அவசியம் பார்க்க வேண்டும். தரையில் இறைச்சியை நீளமாகக் கொட்டி வைத்திருக்கும். நாய்கள் அத்தனையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குரைக்கும், நடுங்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆனால் பராமரிப்பாளர் கையைக் காட்டும்வரை ஒன்றுகூட வாயை வைக்காது. சைகை கிடைத்ததும் ஒரே அலையாகப் பாயும். தங்கச்சிக்கு இறைச்சியைப் பார்க்கப் பிடிக்காது என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், நாய்களின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பலான்-மிரேயில் இருக்கும் தூரேன் மைதானம். 1971-ல் ஆரம்பித்தது. ஒரு பழைய மாளிகையைச் சுற்றிய தோப்பில் போட்டிருக்கிறார்கள். மரங்கள் வயதானவை, நிழல் நிறைய. கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, அதனால் அன்றைக்கு உனக்கு மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் பகி வண்டி. இந்த மைதானத்தை நான் சொல்வதற்குக் காரணம் விலாந்த்ரி. அங்கிருந்து காரில் கால் மணி நேரம்தான். மொட்டை மாடியில் கத்தரியும் அவரையும் வளர்க்கும் தங்கச்சிக்கு அந்தத் தோட்டத்தைக் காட்டாமல் அனுப்பினால் நமக்குப் பாவம் வரும். 1906-ல் ஹோவாகிம் கார்வாயோ என்ற ஸ்பெயின்காரர் அந்த அரண்மனையை வாங்கி, அமெரிக்கரான தன் மனைவியோடு சேர்ந்து, பழைய முறைப்படி தோட்டத்தை மறுபடி உருவாக்கினார். காய்கறித் தோட்டம் மட்டும் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். புள்ளி வைத்துப் போட்ட கோலத்துக்கு முட்டைக்கோஸாலும் லீக்ஸாலும் கீரையாலும் வண்ணம் கொடுத்தது போல இருக்கும். நாம் ஆடும் நேரத்தில் இவளும் தங்கச்சியும் அங்கே இருக்கட்டும். மாலையில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

மூன்றாவதற்கு மேற்கே போவோம், ரொய்ஃபே. காட்டுக்குள் அமைதியான மைதானம். பக்கத்திலேயே ஃபோந்தவ்ரோ மடாலயம். இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஹென்றியும் அவன் மனைவி எலியனோரும் மகன் சிங்க நெஞ்சன் ரிச்சர்டும் கல்லில் படுத்திருக்கிறார்கள். எலியனோர் சிலையின் கையில் திறந்த புத்தகம் ஒன்று இருக்கும். எண்ணூறு வருடமாக வாசித்துக்கொண்டே இருக்கிறாள். நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பார்த்துத்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

அந்தப் பக்கம் போனால் சாப்பாட்டுக் கவலையும் தீரும். சோமூர் சுற்றுவட்டாரத்தில் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து எடுத்த குகைகள் நிறைய. அரண்மனைகள் பலவும் அந்தக் கல்லில் கட்டியவைதான். காலியான குகைகளில் இப்போது காளான் வளர்க்கிறார்கள், சிலவற்றில் உணவகமே இருக்கிறது. அங்கே விறகடுப்பில் ஃபுவே என்று குட்டி ரொட்டி சுடுவார்கள். உப்பி வந்ததும் சுடச்சுடப் பிளந்து, உள்ளே வெண்ணெயோ வெள்ளை மொச்சையோ காளானோ வைத்துத் தின்பது. சைவக்காரர்களுக்கு இந்தப் பகுதியில் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. ஒன்றை இப்போதே தங்கச்சியிடம் சொல்லிவிடு: கிளப் ஹவுஸ்களில் சைவம் என்று கேட்டால் ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட்டைத்தான் நீட்டுவார்கள். சாந்த்-மோர் என்று நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகிய சீஸ் ரொம்பப் பிரபலம். ஆனால் இந்தப் பாரம்பரியச் சீஸ்களில் உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனட் சேர்ப்பது வழக்கம். தெரிந்துகொண்டு முடிவு பண்ணட்டும்.

நான்காவது, ஒர்லேயானுக்குத் தெற்கே லிமேர். கேபெல் ராபின்சன் வடிவமைத்தது, இதுவும் தட்டையான நிலம், தண்ணீர் அதிகம். நீ பாரிஸுக்குத் திரும்பும் வழியில் வருவதால் கடைசி நாளுக்குப் பொருந்தும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்குக் களைப்பாக இருந்தால் விட்டுவிடுவோம்.

தங்குவதற்கு இரண்டே இடம். முதல் ஐந்து நாள் எங்கள் வீடு, இதில் பேச்சே இல்லை. அப்புறம் நான்கு நாள் புளுவா பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். அங்கிருந்து ஷெவர்னியும் ஷம்போர் அரண்மனையும் தலா அரை மணி நேரத்துக்குள். ஆட்டம் இல்லாத நாளில் ஷெனொன்சோவுக்குப் போகிறோம், இந்த முறை முழு மதியமும் அதற்குத்தான். சமையலறையைப் பாலத்தின் தூணுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், செம்புப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்கும். இரண்டாம் உலகப் போரில், அதன் கீழே ஓடும் ஷேர் ஆறுதான் இந்தப் பக்கத்தில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றதற்கும் எல்லை. வாசல் ஒரு கரையில், அந்த நீண்ட கூடத்தின் மறுகோடிக் கதவு எதிர்க்கரையில். அந்தக் கதவு வழியாகத் தப்பிப் போனவர்கள் உண்டு. இவள் ஓடிக் கடந்த அதே கூடம்.

மே மாதம் என்று எழுதியிருந்தாய். செப்டம்பர் பின்பாதிக்கு மாற்ற முடியுமா? மே தொடக்கத்தில் இங்கே விடுமுறைகள் வரிசையாக வரும், உள்ளூர்க்காரர்களே மைதானத்தை நிரப்பிவிடுவார்கள். செப்டம்பரில் திராட்சை அறுவடை. அதோடு ஷம்போர் காட்டில் ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் காலம் அது. அந்தக் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் உள்ளேயிருந்து அந்தக் குரல் வரும், மாடு கத்துவது போலவும் இல்லை, புலி உறுமுவது போலவும் இல்லை. நீ கேட்க வேண்டும்.

இன்னும் சில விஷயம். இங்கே மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடி ஆள் கிடையாது. பையை நாமேதான் இழுக்க வேண்டும். பகி வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, முன்பே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. ஞாயிறு பெரும்பாலும் போட்டி நடக்கும். புதன்கிழமை பள்ளிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். நமக்கு திங்கள், செவ்வாய், வெள்ளி நல்லது. உன் ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றை அச்செடுத்துக் கொண்டு வா, சில இடங்களில் கேட்பார்கள். ஃபேர்வேயில் சின்னப் பூக்களும் குளோவரும் தென்பட்டால் பராமரிப்பு சரியில்லை என்று நினைத்துவிடாதே. 2025-லிருந்து இங்கே மைதானங்களில் ரசாயனக் களைக்கொல்லிகளுக்குக் கடுமையான தடை. எனக்கு அந்தப் பூக்கள் பிடித்திருக்கின்றன.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதியைச் சொல். விமான டிக்கெட் எடுத்ததும் ஆடும் நேரங்களை நான் பதிந்து வைக்கிறேன். பாரிஸ் விமான நிலையத்திலிருந்தே எங்கள் ஊரை ஒட்டிய ஸ்டேஷனுக்கு டிஜிவி அதிவேக ரயில் உண்டு, நடுவில் மாற வேண்டியதில்லை, ஸ்டேஷனில் நான் நிற்பேன். பந்தைக் குழிக்குள் உருட்டும் உன் பழைய பட்டர் மட்டையை மட்டும் எடுத்து வா, மற்ற மட்டைகள் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. பையில் மிச்சமாகும் எடைக்கு இவள் ஒரு பட்டியல் தருவாள். இப்போதைக்கு அரிசி வடகமும் மோர் மிளகாயும் என்று எழுதச் சொல்கிறாள்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்
மச்சான்