நிறம் அளக்கும் கருவி எண்ணைத் தரும், பெயின்டைத் தராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருளின் மேல் வைத்ததும் அதன் நிறத்தைச் சொல்லிவிடும் சிறு கருவிகளும், தொட்ட நிறத்திலேயே எழுதும் என்று சொல்லப்படும் பேனாக்களும் கைப்பேசி விளம்பரங்களில் அடிக்கடி வருகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஓவியம் பழகும் பிள்ளைகளின் பெற்றோரும் சுவர் விளம்பரம் எழுதுவோரும் ‘வாங்கலாமா’ என்று கேட்கிறார்கள். நிறத்தை அளப்பது ஒரு வேலை, கலந்து தருவது இன்னொரு வேலை. முதல் வேலையை இந்தக் கருவிகள் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. இரண்டாவதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

2014-லேயே இப்படி ஒரு பேனா பெரிய ஆரவாரத்தோடு, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கூட்டுநிதி கேட்டு வந்தது. இப்படிப்பட்ட பேனாவில் சிக்கல் நிறத்தை அளக்கும் சென்சாரில் இல்லை, மையில்தான். சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு, வெள்ளை என ஐந்து மைகளை ஒரு பேனாவின் வயிற்றுக்குள் துளித்துளியாய் அளந்து கலக்க வேண்டும். முன்பு எழுதிய சிவப்பு நுனியில் தங்கியிருக்க, அடுத்து வரும் மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். வெள்ளை மையின் நிறமி கனமானது, அடியில் தங்கிக் குழாயை அடைக்கும்.

அளக்கும் கருவிக்கு வருவோம். அதற்குள் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு, திரும்பி வரும் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்து அளக்கும் சென்சார், அவ்வளவுதான். பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மிஷினோடு இருக்கும் ஸ்பெக்ட்ரோ என்ற அளவுக்கருவி வேறு ரகம். அது ஒளியின் அலைநீளத்தில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10-க்கு ஒன்றாக 31 இடங்களில் அளக்கக்கூடியது. மலிவான கருவி மூன்றே இடத்தில் அளந்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறது. வெள்ளை எல்இடி-யில் அடர்சிவப்பும் ஊதாவும் குறைவு என்பதால் அரக்கு, கத்தரிப்பூ நிறங்களில்தான் அது அதிகம் தடுமாறும்.

நம்மூர் செந்தூரா மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் சிவப்பு, அடியில் மஞ்சள்பச்சை, மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப் படலம், அதில் சிறு வெள்ளைப் புள்ளிகள். கருவியின் வாய் சில மில்லிமீட்டர் அகலம். அதற்குள் விழும் தோல், புள்ளி, படலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரியைச் சொல்லும். பழம் உருண்டை என்பதால் வாய் முழுதாகப் பதியாது, ஓரத்தில் ஒளி கசிந்து நிறம் மாறித் தெரியும். பழத்தைத் துணியால் துடைத்து, கொஞ்சமாவது தட்டையான இடத்தில் வைத்து, சிவப்புக்கு மூன்று, பச்சைக்கு மூன்று, நடுவில் இரண்டு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரே அளவில் ‘மாம்பழ நிறம்’ கிடைக்காது.

கருவி இல்லாமல் கைப்பேசி கேமராவிலேயே பார்ப்பவர்களுக்குத் தொல்லை தருவது தானியங்கி வெள்ளைச் சமன், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா தானே நிறத்தை மாற்றிக்கொள்வது. டியூப்லைட்டில் ஒரு நிறம் சொல்லும், வாசலில் வேறு சொல்லும். காலை பத்து மணி வாக்கில் வெயில் நேரே படாத நிழலில், பொருளின் பக்கத்திலேயே, மேலே விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை வைத்துப் படமெடுங்கள். ஏ4 தாள் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். பிறகு கிரிட்டா, கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் அந்த அட்டை நடுநிலைச் சாம்பலாக வரும்படி படத்தைத் திருத்திவிட்டு நிறத்தை எடுக்கலாம். மென்பொருளில் நிறம் எடுக்கும் வசதியை ஒற்றைப் புள்ளியில் விடாமல் சுற்றுப்புறச் சராசரியில் வையுங்கள். திரையில் கண் பாதுகாப்பு மஞ்சள் ஒளி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

உங்கள் நாளிதழில் அச்சாகும் படத்தின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு! அங்கே இருப்பது நான்கு மைகளின் பொடிப்புள்ளிகளும் பழுப்புத் தாளும்தான்.

நிறத்தின் எண் கைக்கு வந்தபின்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். திரையில் நீலத்தையும் மஞ்சளையும் சமமாகச் சேர்த்தால் சாம்பல் வரும், சாயம் கலக்கும் தட்டில் சேர்த்தால் பச்சை வரும். ஒளி கூடுவதும் சாயம் ஒளியை விழுங்குவதும் ஒன்றல்ல. சாயக் கலவைக்கு 1931-ல் குபெல்கா, முங்க் இருவரும் தந்த கணக்கை ஒட்டி இன்றைய சில மென்பொருள்கள் நடக்கின்றன. ரெபெல் 5 ப்ரோ அவற்றில் ஒன்று. அதில் பழகினால் தட்டில் என்ன நடக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும்.

போஸ்டர் கலரில் மாங்காய்ப் பச்சைக்கு, ஒரே பதத்தில் நீர்த்த லெமன் யெல்லோ 10 சொட்டு, அல்ட்ராமரைன் 1 சொட்டு என்று இங்க் ஃபில்லரால் தொடங்குங்கள். நீலத்தைத்தான் மஞ்சளில் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் கிண்ணம் கிண்ணமாக வீணாகும். பச்சை பளிச்சென்று நின்றால் கருப்பை ஊற்றாமல் கிரிம்சன் அரைச் சொட்டு விடுங்கள். அளவைப் பக்கத்திலேயே எழுதி, படம் வரையப்போகும் அதே தாளில் தீற்றி, காயவிட்டுப் பாருங்கள். போஸ்டர் கலரில் வெளிர்நிறம் காய்ந்தால் கருக்கும், அடர்நிறம் வெளுக்கும். அக்ரிலிக் சற்றுக் கருக்கும், வாட்டர் கலர் வெளுக்கும். ஈரத்தில் பொருந்திய நிறம் பொருந்தியதாகக் கணக்கில்லை. காய்ந்ததையும் மூலத்தையும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். டெல்டா இ என்ற அந்த எண் 1-க்குக் கீழே என்றால் கண்ணுக்குத் தெரியாது, 2, 3 என்றால் பக்கத்தில் வைத்தால் தெரியும், 5-ஐத் தாண்டினால் யாருக்கும் தெரியும். டியூப்லைட்டில் பொருந்தியது வெயிலில் பிரிந்து நிற்கலாம் என்பதால் இரண்டு வெளிச்சத்திலும் பார்ப்பது கட்டாயம். தங்கநிற, ஒளிரும் சாயங்களுக்கு இந்தக் கருவி உதவாது.

வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு வெள்ளை டைலை அசையாமல் வைத்துப் பத்துத் தடவை அளக்கச் சொல்லுங்கள். அளவுகள் டெல்டா இ 1-க்கு மேல் சிதறினால் வேண்டாம். கருவியின் அளவைச் சரிசெய்துகொள்ள உதவும் வெள்ளை வில்லை அதோடு வருகிறதா என்றும் பாருங்கள். அந்த வில்லையில் விரல் ரேகை படிந்தாலே எல்லா அளவும் தவறும்.

கடைசியாக ஒன்று. தொட்டு அளக்கும் எதையும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி பாறை ஓவியத்திலோ தருமபுரி மாவட்டத்து அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களிலோ வைக்கக் கூடாது. அழுத்தினால் பழைய பூச்சு உதிரும். மல்லப்பாடியின் வெள்ளைக் கோடுகளை அளந்தாலும் எண் சாம்பலாகவே வரும். சொரசொரப்பான பாறையின் நிழலும் அதில் சேர்ந்துவிடும், நம் கண் அதை வெள்ளை என்பது சுற்றியுள்ள கல் கருத்திருப்பதால். அங்கு வரைய வருவோருக்கு, எட்ட நின்று சாம்பல் அட்டையோடு படமெடுக்கலாம், தொடுகருவி கூடாது என்று தொல்லியல் துறையும் கோயில் நிர்வாகமும் ஒரு பலகை வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.