ஆரஞ்சின் ‘ந’ போன இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ‘ஆரஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. ஆங்கிலேயர்கள் ‘அ நாரஞ்ச்’, அதாவது ‘ஒரு நாரஞ்ச்’, என்று சொல்லிச் சொல்லி அது ‘அன் ஆரஞ்ச்’ ஆகிவிட்டதாம். பல இடங்களில் இதையேதான் எழுதுகிறார்கள், ஆனால் தவறு. இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே அதில் ‘ந’ கிடையாது.

சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். அரேபியர்கள் கொண்டுபோன கசப்பு ஆரஞ்சோடு இந்தப் பெயரும் ஐரோப்பாவுக்குப் போனது. ‘ந’ உதிர்ந்தது இத்தாலியிலும் பிரான்ஸிலும்தான். அந்த மொழிகளில் ‘ஒரு’ என்பதற்கான சொல்லிலேயே ‘ன’ ஒலி இருப்பதால், பின்னால் வரும் ‘ந’ அதோடு ஒட்டிக் காணாமல் போய்விட்டது. பிரெஞ்சில் தங்கத்துக்கு ‘ஓர்’ என்று பெயர், பழத்தின் நிறத்தைப் பார்த்து அந்தச் சொல்லும் சேர்ந்து பழத்தின் பெயரைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் மட்டும், அங்கேயும் ‘ஒரு’ என்பதற்கான ‘ஊனா’ முன்னால் நின்றும், இன்றுவரை ‘நராங்ஹா’தான். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!

ஆங்கிலத்துக்குள்ளேயே ‘ந’ தொலைந்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஏப்ரன் இருக்கிறது, முன்பு நேப்ரன். அம்பயரும் அப்படித்தான், அதன் மூலம் பழைய பிரெஞ்சில் ‘நோன்பெர்’, அதாவது ஜோடி சேராதவர், இரண்டு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். நடுவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? நிக்நேம் மட்டும் தலைகீழ், ‘அன்’னிலிருந்த ‘ன்’ அந்தச் சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது.

சரி, உங்கள் துணுக்கு சமஸ்கிருதத்தோடு நின்றுவிட்டது, எனக்கு அதுதான் கூடுதல் வருத்தம். நாரங்க என்பதே திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் நாரத்தை, மலையாளத்து நாரங்ங, தெலுங்கின் நாரிஞ்ச எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும். தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது நாரத்தையை எப்படி விட முடிந்தது?

அப்புறம், இனிப்பு ஆரஞ்சைப் பிற்பாடு ஐரோப்பாவில் பரப்பியவர்கள் போர்ச்சுகீசியர்கள், அதனால்தான் இன்றைய அரபியில் அதற்கு ‘புர்துகால்’ என்று பெயர். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்