முருகேசனுக்கு, கார் வயரிங் பற்றி

எஸ்லிங்கன்,
மே மாதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். மற்ற கதைகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு உன் காரின் கேபிளைக் கடித்தது எது, இனி கடிக்காமல் எப்படித் தடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் கேபிளின் ரப்பரில் ஊசி குத்தியது போல ஜோடி ஜோடியாக ஓட்டைகள். பானெட்டின் உள்பக்கத்து மெத்தை கொத்தாகப் பிய்ந்து தொங்குகிறது. எலியாக இருந்தால் கொறித்த இடம் சீவியெடுத்தது போல இருக்கும். இது மார்டர் வேலை. கழுத்தில் வெள்ளைத் திட்டும் அடர்ந்த வாலும் உள்ள, பார்க்கக் கீரி மாதிரியான பிராணி, எடை ஒன்றிலிருந்து இரண்டு கிலோதான். 5 செ.மீ. இடுக்கு கிடைத்தால் உள்ளே போய்விடும். ஜெர்மனியில் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு இதன் கடிக்காக இன்ஷூரன்ஸ் பணம் தருகிறார்கள்.

சித்திரைப் பிறப்புக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வந்து தங்கியபோது உன் கார் எங்கள் வாசலில்தானே நின்றது? எங்கள் தெரு மார்டர் ராத்திரியில் எஞ்சின் மேல் ஏறிச் சுற்றி, தன் வாசனையை விட்டுவிட்டுப் போயிருக்கும். அதோடு நீ உல்முக்குத் திரும்பினாய். அங்கே உன் தெருவை ஆளுகிற ஆண் மார்டருக்கு அந்த வாசனை பட்டதும், வேறொருவன் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்ற ஆத்திரம். அகப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறிவிட்டது. வசந்தத்திலிருந்து கோடைவரை இந்த எல்லைச் சண்டை உச்சத்தில் இருக்கும். ஒரே இடத்தில் நிற்கிற கார்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ராத்திரிக்கு ராத்திரி இடம் மாறுகிற கார்கள்தான் மாட்டிக்கொள்கின்றன.

அதனால் மார்டரை விரட்டும் கருவி வாங்கும் முன்பு எஞ்சினைக் கழுவு. வாசனை போகாமல் என்ன மாட்டினாலும் பாதிப் பலன்தான். வீட்டு வாசலில் வைத்துக் கழுவாதே. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் வசதி உள்ள சர்வீஸ் இடத்தில் மட்டுமே எஞ்சின் கழுவ இங்கே அனுமதி. நிறுத்துகிற இடத்துத் தரையையும் நன்றாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிடு.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று நாய் முடிப் பையும் கழிப்பறை வாசனைக் கட்டியும் தொங்கவிடப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்ச நாளில் மார்டருக்கு அது பழகிவிடும். நம் காதுக்குக் கேட்காத மீயொலி மட்டும் எழுப்புகிற கருவியையும் நான் நம்பமாட்டேன். ஒரே மாதிரி வருகிற ஒலி அதற்குச் சீக்கிரம் பழகிப்போகும். தவிர, அந்த ஒலி எஞ்சின் பிளாக்கைத் தாண்டி மறுபக்கம் போகாது. மின் அதிர்ச்சித் தகடு உள்ளதையே வாங்கு. ஊரில் யானைக்கும் பன்றிக்கும் போடுகிற சோலார் வேலியின் அதே தத்துவம்தான்: வோல்ட் அதிகம், ஆனால் மின்னோட்டம் மிகச் சொற்பம். சுள்ளென்று ஒரு அடி, அவ்வளவுதான். பிராணி சாகாது, அந்தப் பக்கம் மறுபடி வராது.

வயரிங்குக்கு வருவோம். பெரும்பாலான கருவிகளில் மூன்று வயர் வரும். ஒன்று எப்போதும் பிளஸ் இருக்கிற இடத்துக்கு, இங்கே கிளெம்மே (முனை) 30 என்பார்கள். இன்னொன்று எர்த்துக்கு, அது 31. மூன்றாவது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற 15-க்கு. அந்த மூன்றாவது வயர் மூலம்தான், கார் ஓடும்போது நாம் சும்மா இருக்கலாம் என்று கருவிக்குத் தெரியும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் கூட வரும் படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரால் ஒருமுறை சோதித்துவிட்டு இணை.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்கு. பிளஸ் வயரில் கூடவே வரும் ஃப்யூஸ், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் எங்காவது வயர் உரசித் தேய்ந்தால் ஃப்யூஸ் போகும், கார் தீப்பிடிக்காது. எர்த்தை நேராக பேட்டரி மைனஸ் முனையில் கட்டாதே. உன்னுடையது ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள, அதாவது சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்புகிற மாடல். அந்த முனையில் பேட்டரி சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும், போகிற வருகிற கரண்டைக் கணக்குப் பார்க்கும். நீ அதைத் தாண்டிக் கட்டினால் கணக்கு தப்பிவிடும். பாடியில் ஏற்கெனவே பழுப்பு வயர்கள் வந்து சேர்கிற எர்த் போல்ட் இருக்கும். அங்கே பெயின்ட், துரு இல்லாமல் சுத்தம் செய்து முடுக்கு. 15-க்கு வயரைக் கீறி முறுக்கவேண்டாம். ஃப்யூஸ் பெட்டியில் செருகுகிற அடாப்டர் கடையில் கிடைக்கும்.

தகடுகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ரோமம் கரண்டைத் தடுக்கும். மூக்கும் பாதமும் பட்டால்தான் அதிர்ச்சி ஏறும். அதனால் அது ஏறி வரும் வழியைக் கண்டுபிடி. டார்ச் அடித்துப் பார்த்தால் எஞ்சின் கவரின் தூசியில் காலடித் தடம் தெரியும். சக்கர வளைவிலிருந்து உள்ளே வரும் இடுக்கிலும், கேபிள்களுக்கும் கூலன்ட் ஹோஸ்களுக்கும் பக்கத்திலும் வை. எக்ஸாஸ்ட், பெல்ட், ஃபேன் மூன்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். பானெட் சுவிட்சை விட்டுவிடாதே. பானெட் திறந்ததும் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிப்பது அதுதான். பட்டறைக்காரன் உள்ளே கை விடுவான், பாவம்.

எல்லாம் முடிந்ததும் காரைப் பூட்டி, அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கும்வரை காத்திருந்து, நிற்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அள. கருவி எடுப்பது சில மில்லியாம்பியர்தான் இருக்கவேண்டும். பேட்டரி இறங்கினால் தானே நின்றுவிடும் வசதி உள்ளதாக வாங்கு. இல்லையென்றால் நீ ஊருக்குப் போய்த் திரும்பும்போது கார் கிளம்பாது.

விஷம் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் முருகேசா. மார்டர் இங்கே வேட்டைச் சட்டத்துக்குள் வருகிறது, நாமாகக் கொல்லவோ பொறி வைக்கவோ கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மார்ச், ஏப்ரலில் குட்டி போடும். இப்போது ஏதாவது ஒரு கூரைப் பரணில் அவை தாயை எதிர்பார்த்துக் கிடக்கும். அதோடு, இருப்பதைக் கொன்றால் காலி இடத்துக்கு வேறொன்று வரும், வந்ததும் பழையதன் வாசனை மேல் கடிக்க ஆரம்பிக்கும். கரண்ட் அடி வாங்கி ஒதுங்கிப் போன மார்டர் அந்தத் தெருவிலேயே இருந்து எல்லையைக் காப்பது உனக்கும் நல்லதுதான்.

பாலிசியை எடுத்துப் பார். டைல்காஸ்கோ என்கிற பகுதிக் காப்பீடு இருந்தால் கடித்த கேபிளுக்குப் பணம் வரும். பின்விளைவுச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று தேடு. ஆக்சில் ஜாயின்டை மூடுகிற ரப்பர் உறையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து, கிரீஸ் வழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே போனால் ஜாயின்டே போய்விடும். கேபிளைவிடப் பல மடங்கு செலவு அது. மாற்றிய கேபிளைத் தூக்கிப் போடாதே, ஆதாரமாகக் கேட்பார்கள்.

வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. கருவியை வாங்கி வைத்திரு, நானே ரயிலில் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிவிடலாம். கிரிம்பிங் பிளையரும் மல்டிமீட்டரும் கொண்டுவருகிறேன். அதற்குள் பக்கத்துப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, பிரேக் ஹோஸ்களையும் ஆக்சில் ரப்பர் உறைகளையும் பார்க்கச் சொல். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தக் காரோடு ஆட்டோபான் ஏறாதே. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

அன்புடன்,
சண்முகம்