கேட் திறக்க யாரும் இறங்க வேண்டாம்

கோத்தகிரி

அன்புள்ள ரங்கா,

உன் கடிதமும் பூண்டு மூட்டையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நீ தரையிலேயே நடப்பதில்லை என்று செல்வி சொல்கிறாள். எங்கள் ஊட்டி வர்க்கிக்கும் 2023-ல் கிடைத்துவிட்டது, சரிக்குச் சரி. அடுத்த வாரம் ஒரு டின் அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்து விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதே, நேரத்துக்குப் போட்டுவிடு. இங்கே எல்லோரும் சுகம். பச்சைத் தேயிலை விலையை மட்டும் கேட்காதே. அதை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் அதோடு முடிந்துவிடும்.

வண்டிக்குள்ளிருந்தே கேட் திறப்பதற்கு உன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அந்த மூன்று பட்டன் சமாசாரத்தை வண்டியில் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். கேட்ட நேரம் நல்ல நேரம். எங்கள் வண்டியில் அதே வேலையை இப்போதுதான் முடித்தேன். எழுத நிறைய இருக்கிறது. ஆனால் ஏன் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து ராத்திரி திரும்பினோம். அரவேணு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. எங்கள் கேட் இருக்கும் மேடு உனக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல செல்வி சாவியோடு இறங்கினாள். பூட்டில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் கரடி. குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு பேருக்கும் நடுவில் என் கைத்தடி நீளம்கூட இருக்காது. நான் காலை எடுத்தால் வண்டி பின்னால் போய்விடுமோ என்ற பயம், ஹாரன் அடித்தால் மிரண்டு அவள் மேல் பாய்ந்துவிடுமோ என்ற பயம். செல்விதான் தைரியசாலி. ஓடவில்லை, கத்தவில்லை, முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கரடி சாவகாசமாகத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. வீட்டுக்குள் வந்து காபி போட்டுக் குடித்த பிறகுதான் அவள் கை நடுங்கியது.

கோத்தகிரியில் கரடி புதிதல்ல. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்கு வரும், கடைக் கதவை உடைக்கும், பலாப்பழக் காலத்தில் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊரில் காட்டெருமை ஏரிச் சாலையிலேயே நடக்கிறது. மலையில் வீடு கட்டிக்கொண்டு மிருகத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அது அதன் பாட்டுக்கு அதன் வழியில் போகிறது. இருட்டில் இறங்கிப் பூட்டைத் தடவும் வழக்கத்தைத்தான் நாம் விட வேண்டும்.

கேட்டுக்கு மோட்டார் வைத்தாயிற்று. மேட்டில் இரட்டைக் கதவு திறப்பது சிரமம் என்பதால் பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட்டாக மாற்றி, அடியில் பல்சட்டம் வைத்து, மோட்டாருக்கு பேட்டரியும் சேர்த்துப் போட்டேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குத் தினப்படி சங்கதி, பேட்டரி இல்லாத மோட்டார் மலைக்கு ஆகாது. பேட்டரியும் இறங்கிவிட்டால் கையால் தள்ளுவதற்கு மோட்டாரை விடுவிக்கும் சாவி ஒன்று உண்டு. அது செல்வியின் சாவிக்கொத்தில் இருக்கிறது.

மோட்டாரோடு இரண்டு ரிமோட் கொடுக்கிறார்களே, அது போதாதா என்று நீ கேட்பாய். போதாது. கையில் வைத்திருக்கும் ரிமோட் தேவைப்படும் நேரத்தில் எங்கே இருக்கும்? கைப்பையில், சட்டைப் பையில், இல்லாவிட்டால் கியர் பக்கத்து டம்ளர் குழியில். பத்தலகுண்டு பாதையில் நீ இறங்கும்போது அது குழியிலிருந்து துள்ளி பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால்? நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மலைப்பாதையில் ஓட்டுகிறவன் காலடியில் தளர்வான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பட்டன் வண்டியோடு வண்டியாக, கை தானாகப் போகிற இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ரூம் லைட் இருக்கும் மேல் கன்சோலைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது உன் மகனின் யூனிட். அது ஹோம்லிங்க். ஜான்சன் கண்ட்ரோல்ஸ் கம்பெனியிடம் இருந்தது, 2013-ல் ஜென்டெக்ஸ் வாங்கிக்கொண்டது. அங்கே வண்டியிலேயே வைத்து வருகிறது. கையிலிருக்கும் ரிமோட்டை அதன் பக்கத்தில் பிடித்து இரண்டையும் அழுத்தினால், அந்தச் சிக்னலை அது கற்றுக்கொள்ளும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறும் குறியீடு உள்ள மோட்டார் என்றால், மோட்டார் தலையில் இருக்கும் 'லேர்ன்' பட்டனையும் அழுத்திவிட்டு அரை நிமிடத்துக்குள் வந்து வண்டிப் பட்டனை அழுத்த வேண்டும். அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் அது அந்த ஊருக்குச் செய்தது. அங்கே காரேஜ் கதவுகள் 315, 390 மெகாஹெர்ட்ஸ் என்று பேசும். நம் கேட் மோட்டார்களில் பெரும்பாலானவை 433.92. பழைய யூனிட் என்றால் 433 வரை எட்டாது. எட்டினாலும், உன் மோட்டாரின் குறியீட்டு முறை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். சும்மா சோதித்துப் பார், காசு செலவில்லை. ரூஃப் லைனிங்கை வெட்டுவதற்கு முன்னால், யூனிட்டை மேஜையில் வைத்து பேட்டரியில் இணைத்துக் கற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிடு. இல்லையென்றால் நான் செய்த வழிக்கு வா.

நான் செய்தது எளிது. மோட்டாரோடு வந்த ரிமோட் ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன போர்டை வெளியே எடுத்தேன். கேட்டுக்கான பட்டனின் இரண்டு கால்களிலும் மெல்லிய வயர் சால்டர் செய்து, கன்சோலில் காலியாக மூடிவைத்திருந்த இடத்தில் ஒரு அழுத்து பட்டன் பொருத்தினேன். விட்டால் திரும்பிவிடும் பட்டன், நினைவில் வை, நிலையாக நிற்கும் ஸ்விட்ச் கூடவே கூடாது. போர்டைப் பஞ்சு டேப்பில் சுற்றி, கண்ணாடிப் பக்கமாக ஒட்டினேன். மேலே இரும்புக் கூரை என்பதால் அலை முன் கண்ணாடி வழியாகத்தான் வெளியே போகும். உன் வண்டிக் கண்ணாடி வெயிலைத் திருப்பும் உலோகப் பூச்சு போட்டதாக இருந்தால் தூரம் குறையும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்.

பவர் விஷயத்தில்தான் ஆட்டோ எலக்ட்ரீசியனோடு சண்டை. ரூம் லைட் வயர் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் தட்டிவிடலாம் என்றார். கூடாது என்றேன். இதைக் கவனமாகப் படி ரங்கா, கடிதத்தில் முக்கியமான இடம் இதுதான். ரூம் லைட் வயரில் சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும். அப்படி இணைத்தால், வண்டிக் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டுகிறவன் உன் வீட்டு கேட்டைத் திறந்துவிடுவான். வண்டிக்குள் ஆர்சி புத்தகம் இருக்கும், அதில் உன் விலாசம் இருக்கும். பிள்ளைகள் வெளியூரில், வயதானவர்கள் வீட்டில், பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. நம் இரண்டு பேர் வீட்டு நிலைமையும் இதுதான். ஆகவே ஃபியூஸ் பாக்ஸில் இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் லைனிலிருந்து, தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்கச் சொன்னேன். சாவி இல்லாவிட்டால் பட்டன் வெறும் பட்டன். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அந்த ஃபியூஸையும் உருவிவிடுவேன், ஏனென்றால் அங்கே சாவியையும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்.

அடுத்தது வோல்ட்டேஜ். என் ரிமோட்டில் இருப்பது எச்சிஎஸ்301 என்ற சிப். அது 3.5 முதல் 13 வோல்ட் வரைதான் ஏற்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேல் வரும். 12 வோல்ட் ரிமோட்தானே, நேராகக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்காதே. 7809 என்ற மூன்று கால் ரெகுலேட்டரை நடுவில் போட்டு 9 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தேன். உன் ரிமோட்டில் வட்டமான 3 வோல்ட் செல் இருந்தால் அதற்கேற்றபடி குறைக்க வேண்டும்.

வயர் இறங்கும் பாதைக்கும் ஒரு எச்சரிக்கை. முன் கண்ணாடித் தூண் மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், திரைபோல விரியும் பை அதற்குள் மடித்து வைத்திருக்கும். வயர் அதன் பின்பக்கமாக, ஏற்கெனவே போகிற வயர்க்கொத்தோடு சேர்த்துக் கட்டிப் போக வேண்டும், பைக்குக் குறுக்கே போகவே கூடாது. எலக்ட்ரீசியன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மூடியை நெம்ப வந்தார். பிளாஸ்டிக் நெம்பியை நான் கையில் கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் தொட விட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் வேலை சுத்தம்.

ரிமோட்டின் குறியீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன்னுடையதைத் திறந்து சிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார். ஈவி1527 அல்லது பிடி2262 என்றிருந்தால், அது ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். சாவிக் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துவிடுவார், காற்றில் போகும்போதே பிடித்து வைக்கவும் முடியும். எச்சிஎஸ் வகையில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் எண் மாறும். கீலாக் என்ற இந்த முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது, 1995-ல் மைக்ரோசிப் கம்பெனி வாங்கியது. 2008-ல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தார் இதையும் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் சாவிக் கடையில் நகல் எடுக்கும் வேலை இதில் அவ்வளவு எளிதில் நடக்காது, நமக்கு அது பெரிய விஷயம். ஒன்று மட்டும் ஞாபகம் வை: பேரன் வண்டியில் உட்கார்ந்து கேட் எட்டாத தூரத்தில் பட்டனைப் பதினாறு தடவைக்கு மேல் அழுத்தி விளையாடினால், அடுத்த முறை மோட்டார் முதல் அழுத்தலுக்கு அசையாது. மறுபடி ஒருமுறை அழுத்தினால் கணக்குச் சேர்ந்துவிடும். மோட்டார் கெட்டுவிட்டது என்று யாரையும் கூப்பிடாதே.

பேரனைச் சொன்னதும் இன்னொன்று. பனிமூட்டத்தில் ஹெட்லைட் பத்தடிகூடப் போகாது, ஆனால் இந்த அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. வளைவிலேயே பட்டனை அழுத்தலாம், கேட் ஓட ஆரம்பிக்கும், அந்த நேரம் கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அமெரிக்காவில் 1993 முதல் தானாக இயங்கும் காரேஜ் கதவுக்கு, ஆள் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். நம்மிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு மோட்டார் வைத்தவர்கள் சென்சாருக்குத் தனிக் காசு, தேவையில்லை என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தூணுக்குத் தூண் ஒளிக்கதிர் சென்சார் வைத்த பிறகுதான் பாக்கிப் பணம் கொடுத்தேன். அதில் சிலந்தி கூடு கட்டும், ஈரம் படியும், வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். மழையில் சேறு வந்து தண்டவாளத்தில் அடைக்கும், அதையும் வாரிவிட வேண்டும். எங்களுக்குள் ஒரு விதி: கேட் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பட்டன். அது முழுசாக மூடும் வரை உள்ளே நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஷெட்டுக்கு விடுவோம்.

நீ முழங்கால் வலியோடு இன்னும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. இரவில் நீ கேட்டில் நிற்கும்போது காட்டெருமை ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தால் அந்தக் கால் உன்னை எங்கே கொண்டுபோகும்? சாம்பார் சங்கரனைப் போல எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று சொல்லாதே. அடுத்த மழைக்கு முன்னால் இது முடிந்தாக வேண்டும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: கேட் மேட்டிலா சமதரையிலா, எந்தப் பக்கம் எத்தனை அடி ஓட இடம் இருக்கிறது என்று அளந்து எழுது. மோட்டார் வந்ததும் அதன் ரிமோட்டைத் திறந்து சிப் நம்பரும் செல் வகையும் எழுது. வண்டியின் மேல் கன்சோலை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. ரெகுலேட்டர், பட்டன், ஃபியூஸ் பிடி எல்லாம் நான் இங்கேயே வாங்கி வைக்கிறேன். கோடை சீசன் கூட்டம் ஓய்ந்ததும் நானும் செல்வியும் வருகிறோம், சால்டரிங் அயர்னோடு. ஏர்பேக் மூடியை நான் வரும் வரை யாரையும் தொட விடாதே.

அம்மாவுக்கு நமஸ்காரம். தங்கச்சியிடம் பூண்டு ஊறுகாய் பக்குவத்தை எழுதி அனுப்பச் சொல், செல்வி கேட்கிறாள்.

உன்,
சிவா