சீசன் பாஸ் இருந்தும் அண்டார்டிகா உரைக்கு உள்ளே விடவில்லை: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், சென்னை.

ஐயா / அம்மா,

பல்கலைக்கழக ஆய்வுப்பயண மன்றம் நடத்தும் சாகசப் பயண உரைத்தொடருக்கு எனக்கும் என் மகளுக்கும் உங்கள் டிக்கெட் செயலியில் சீசன் பாஸ் வாங்கியிருந்தேன். தொடரின் கடைசி உரைக்கு எங்களை அரங்குக்குள் விடவில்லை. பாஸ் எண், பணம் கட்டிய ரசீது, வாசலில் ஸ்கேன் செய்தபோது ‘செல்லாது’ என்று வந்த திரையின் படம் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிரச்சினை மேடம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உரை நடக்கும் இடம் சின்ன அரங்கிலிருந்து பெரிய அரங்குக்கு மாறியது. தனி டிக்கெட் வாங்கியவர்களுக்குப் புதிய கியூஆர் கோடு அனுப்பினீர்கள். பாஸ் வைத்திருந்தவர்களுக்கு அனுப்பவில்லை. உங்கள் செயலியின் ‘என் பாஸ்’ பக்கத்தில் இன்றைக்கும் பழைய அரங்கின் பெயர்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்து, காவலாளி கை காட்டிய பக்கம் வளாகத்தின் மறுகோடிக்கு ஓடினோம். நீங்கள் கொடுத்த பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. வாசலில் நின்ற மாணவி பாவம், தன் சொந்த போனிலிருந்து உங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். பாட்டுதான் ஓடியது. உள்ளே உரை தொடங்கி, கதவையும் சாத்திவிட்டார்கள். அந்த மாணவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. டிக்கெட், இருக்கை இரண்டும் முழுக்க உங்கள் பொறுப்பு என்று அவர்களே சொன்னார்கள்.

ஆனால் மறுநாள் உங்கள் ஆள் பேசிய பேச்சை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டு, "அண்டார்டிகா பற்றித்தானே மேடம்? யூடியூப்ல நிறைய இருக்கு, பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்று அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவை உங்கள் மேலதிகாரிகள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

யூடியூபில் பார்ப்பதற்கு நாங்கள் ஏன் சென்னை வர வேண்டும்? பேச வந்தவர் அண்டார்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான மைத்ரியில் குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்த விஞ்ஞானி. அங்கே சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிக்காது. கப்பலும் வராது. அந்த இருட்டில் சுமார் 25 பேர் எப்படித் தூங்கி எழுந்தார்கள், பிரியதர்ஷினி ஏரியிலிருந்து நிலையத்துக்கு எப்படித் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்க என் மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பனித்தட்டின் மேல் 1983-84இல் அமைத்த இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்ததும், பிறகு 1989இல் பாறைத் தரையில் மைத்ரி வந்ததும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே இருந்தவர் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவர் இந்த ஆண்டு மறுபடி வரமாட்டார் என்று மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் வாழ்க்கையின் திசையையே தீர்மானித்திருக்கக்கூடிய ஒரு மாலை அது. அதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

இதே தொடரில் முன்பு இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகைப் பற்றி ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் ஒருவர் பேசினார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் திரும்பும்வரை கடற்படை அதிகாரிகளான ரூபாவும் தில்னாவும் இரண்டே பேராக உலகைச் சுற்றி வந்த கதை. ரூபா எங்களுக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரிப் பெண் என்று தெரிந்ததும் என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மீதிக் கேள்விகள் எல்லாம் அன்றைக்குத்தான் முளைத்தன. அந்த உரைக்கு இதே பாஸ் ஒழுங்காக வேலை செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஒரு உரைக்கான தொகையை மட்டும், அதிலும் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, உங்கள் வாலட்டில் போடுவதாக மின்னஞ்சல் வந்தது. எந்தச் சேவைக்கு அந்தக் கட்டணம்? முழு பாஸ் தொகை, சேவைக் கட்டணம், இருவரின் பஸ் செலவு எல்லாம் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். யூடியூபில் பார்க்கச் சொல்லிச் சிரித்த உங்கள் ஆள் சார்பில் என் மகள் பெயருக்கு எழுத்து மூலமான மன்னிப்பும் வேண்டும். அன்று உரையைப் பதிவு செய்ததாக மன்றத்தில் சொன்னார்கள். அதை அவர்களிடம் கேட்டு வாங்கித் தர உங்களால் முடிந்தால் மனப்பூர்வமாக நன்றி சொல்வேன்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அடுத்தது விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடும் சேர்த்தே கேட்பேன். அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தயவுசெய்து இந்த முறை நடந்ததையெல்லாம் படித்த ஒருவரே என்னைக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
சீசன் பாஸ் வாடிக்கையாளர்,
திண்டிவனம்.