ஐந்து நாள் ஊழியத்துக்கு மலையகம் வரும் தம்பிக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உங்கள் கொழும்புச் சபை வாலிபரோடு இங்கே வர நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. முதல் நாள் வீடு சந்திப்பு, அடுத்த நாள் மருத்துவ முகாம், பிறகு ஆலயத்துக்கு வர்ணம் பூசுதல், உலர் உணவுப் பொதி, கடைசி நாள் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பாடசாலை. மறுநாள் விடியற்காலை கொழும்புக்குப் புறப்பாடு. இதிலிருந்து உங்கள் வாலிபர் என்ன கற்றுக்கொள்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஒளிக்காமல் சொல்கிறோம். நிரலை இப்படியே விட்டால் அவர்கள் கற்பது ஒன்றுதான்: தாங்கள் கொடுக்கப் பிறந்தவர்கள், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வாங்கப் பிறந்தவர்கள். அதைப் படிக்க கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி வாந்தி எடுத்துக்கொண்டு வரத் தேவையில்லை. ஆகவே நிரலைக் கொஞ்சம் பிரித்துப் போட்டிருக்கிறோம். கோபிக்க வேண்டாம்.

வீடு சந்திப்பைப் பகல் பத்து மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்நேரம் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பது வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான். பெண்கள் காலையில் ஏழரைக்கு முன்னமே மலையில் நிற்பார்கள். கடைசி நிறுவை முடித்துக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு இறங்க நாலரை, ஐந்தாகும். அதற்குப் பிறகு தண்ணீர், விறகு, சோறு, பிள்ளைகளின் பாடம். ஐந்தரைக்கு ஆறு பேர் கித்தாரோடு இஸ்தோப்பில், வீட்டு முன் விறாந்தையில், வந்து நின்றால், அந்த அக்கா சிரித்த முகத்தோடு தேத்தண்ணி ஊற்றுவார்; அன்றைக்கு அந்த வீட்டில் சோறு ஒரு மணி நேரம் பிந்தும். சந்திப்பை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றுங்கள். இரண்டிரண்டு பேராகப் போகட்டும், ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் சொன்னது அதுதானே: ஒரே வீட்டில் தங்குங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், வீடு வீடாகத் திரியாதீர்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தால் சாப்பிடட்டும். "இல்லை அக்கா, நாங்கள் சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்பது கொழும்பு மரியாதை. இங்கே அது வேறு மாதிரி விளங்கிக்கொள்ளப்படும்.

மருத்துவ முகாமும் வேலை நாளில் வேண்டாம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. முகாமுக்கு வந்து வரிசையில் நின்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். உங்கள் இலவச மாத்திரைக்கு அந்தப் பெண் கொடுக்கும் விலை அது. ஞாயிறு வையுங்கள். முன்னமே சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். தோட்ட டிஸ்பென்சரி ஐயாவையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அழையுங்கள். யாருக்கு எத்தனை வருடமாகப் பிரஷர் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். முகாம்களில் வழக்கமாகப் பிழையாகிப் போவது எது தெரியுமா? பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவு) இரண்டு வார மாத்திரை கொடுத்துவிட்டுப் போவது. மாத்திரை முடிந்ததும் நோயாளி வருத்தம் சுகம் என்று விட்டுவிடுவார். ஆகவே மருந்து கொடுக்காதீர்கள். அளவை எடுத்து, திகதி போட்டு, அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். கொப்பி இல்லாதவர்களை டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போக வேன் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கையோடு கொண்டுவந்து கொடுக்கக்கூடிய ஒன்று, வாசிப்புக் கண்ணாடி. +1.00 முதல் +3.00 வரை கலந்து எடுங்கள். 40 சென்ரிமீற்றர் தூரத்தில் வேதாகம எழுத்தோ ஊசிக் காதோ தெரிகிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். தூரப் பார்வை மங்கியவர்களுக்கும் கண்ணில் வெள்ளை விழுந்தவர்களுக்கும் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிடாமல் கண் கிளினிக்குக்கு எழுதிக் கொடுங்கள்.

வர்ணம் வேண்டாம். ஆலயச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. பூசவேண்டி வந்தால் இங்கேயே வேலையில்லாத பெயின்டர்மார் இருக்கிறார்கள்.

கைவேலைதான் வேண்டுமென்றால் தண்ணீர் வேலை இருக்கிறது, உண்மையான வேலை. லயத்துக்கு மேலே ஊற்று. அங்கிருந்து கறுப்புக் குழாய், கீழே வெடித்த தொட்டி. முதலில் மூன்று பேர் மட்டும் மார்ச்சில் வாருங்கள், ஊற்று ஆகச் சுருங்கும் காலம் அது. 20 லீற்றர் வாளியை வைத்து நிரம்பும் நேரத்தை எடுங்கள். மழைக்காலத்தில் 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லீற்றர். வறட்சியில் நிமிடத்துக்கு 4 லீற்றராக இறங்கினாலும் நாளுக்கு 5,760 லீற்றர் வரும். இருபது வீட்டு லயம், வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 50 லீற்றர் என்றால் தேவை 5,000. அதாவது தண்ணீர் போதும். எல்லோருக்கும் விடியலிலும் பின்னேரத்திலும் தண்ணீர் தேவைப்படுகிறது, ஊற்றோ இரவெல்லாம் ஓடி வழிந்துவிடுகிறது. பிடித்து வைக்கத் தொட்டி இல்லாததுதான் பஞ்சம். இதை அளக்காமல் வந்த குழுக்கள் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு.

தொட்டியின் உட்பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு கழுவிய மணல். சீமெந்து மூட்டை 50 கிலோ. அதை இரண்டாகப் பிரித்தே மேலே ஏற்றுங்கள், ஒற்றையடிப் பாதையில் நனைந்த கல் வழுக்கும். குழாயை வெயிலில் கிடத்தாமல் ஓரடியாவது புதையுங்கள். ஊற்றிலிருந்து இறங்கிய குழாய் நடுவில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று அடைபட்டுத் தண்ணீர் நின்றுவிடும். அங்கே காற்றுத் திறப்பு ஒன்று பூட்ட வேண்டும். ஊற்றுக்கு மேலே தேயிலை நிற்குமானால் உரமும் மருந்தும் அடித்த நாளில் மழை அதைக் கீழே கொண்டுவரும். மேற்பக்கம் ஒரு திசைதிருப்பு வாய்க்கால் வெட்டாமல் ஊற்றைக் கட்டக்கூடாது.

இனி முக்கியமான இடம். சீமெந்துப் பூச்சு குறைந்தது ஏழு நாள் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் மயிர்க்கோடாக வெடிக்கும், அடுத்த மாதமே கசியும். நீங்கள் நிற்பதோ ஐந்து நாள். பூச்சு முதல் நாளே முடிந்தாலும் ஏழு நாள் ஆகுமுன் நீங்கள் வேனில் ஏறிவிடுவீர்கள். நனைத்த சாக்கைப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பவர் இந்த லயத்து ஆள். அதற்குப் பிறகு தொட்டியைக் கழுவி, 1,000 லீற்றருக்கு 150 கிராம் குளோரின் தூள் கரைத்து ஊற்றி, ஒரு இரவு முழுக்க விட்டு, காலையில் ஓடையில் சேராத இடமாகப் பார்த்துத் திறந்துவிட வேண்டும். இது 30 முதல் 35 சதவீதத் தூளுக்கான கணக்கு. ஈரம் பட்ட பழைய தூளில் வேகம் இருக்காது. இதையும் செய்யப்போவது அவர்தான். ஆகவே முதல் நாளே அவரை மேஸ்திரியாக வைத்து, நாட்கூலி பேசி, உங்கள் வாலிபர் அவருக்குக் கீழே கல்லும் மணலும் சுமக்கட்டும். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று பிரசங்கம் பண்ணுகிறோம் அல்லவா? பட்டம் படித்த ஒரு பிள்ளை, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் "இது சரியா அண்ணா?" என்று நாலு நாள் கேட்டு நடப்பதைவிடப் பெரிய பாடம் எங்களிடம் இல்லை.

பொதிகளைப் பற்றி. நாற்பது பொதி என்றிருக்கிறீர்கள். டிவிசனில், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவில், அதைவிட வீடுகள் அதிகம். எல்லா வீட்டுக்கும் இல்லையென்றால் ஒரு வீட்டுக்கும் வேண்டாம், சண்டை நீங்கள் போன பிறகுதான் தொடங்கும். பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதை அடியோடு விடுங்கள். இங்கே பெரும்பான்மை மாரியம்மன் கோயில் சனம். வேதக்காரர்கள் அரிசி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால், கோயில் கமிட்டியோடு நல்லபடி இருக்கும் எங்கள் உபதேசியார் ஒரு வருடம் தலை குனிந்து நடக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரம், புத்தாண்டுக்கு முன்னம், வேலைக்கு நல்ல காலம்: காலை வெயில், பின்னேரம் இடி மழை. ஆனால் திருவிழாத் திகதியைக் கமிட்டியிடம் கேட்டே நாள் குறிப்போம். பிரசாதம் நீட்டினால் என்ன செய்வது என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த விசுவாசிகள் அதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்து நடக்கட்டும், முகம் மட்டும் சுளிக்க வேண்டாம்.

புறப்படுமுன் ஒரு மாலை கொழும்பிலேயே உட்கார்ந்து வரலாறு படியுங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அதற்கு முன்னமே கோப்பித் தோட்டங்களுக்கு எங்கள் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். 2023இல் 200 வருட நினைவாக அதே வழியை மக்கள் மறுபடி நடந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமை போயிற்று, 1964 இலங்கை இந்திய ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாட்டுக்குப் பங்கு போட்டது, 2003 சட்டத்தோடுதான் மிச்சம் இருந்தவர்களுக்கும் உரிமை கிடைத்தது. சுவிசேஷமும் உங்கள் வேனில் வரப்போவதில்லை: தோட்டத் தொழிலாளருக்கென்று கண்டிப் பக்கம் தமிழில் மிஷன் தொடங்கியது 1854இல்.

மழை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தவில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பர் டித்வா புயலில் நடந்ததும் நீங்கள் அறிந்தவை. ஆலய முற்றத்தில் மழைமானி ஒன்று வைக்க உதவுங்கள். நேர்ச்சுவருள்ள போத்தல், அளவுகோல், ஒரு கொப்பி, அவ்வளவுதான் செலவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 ஆனாலோ ஒரு மணியில் 75 விழுந்தாலோ இடம்பெயர வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று, இறுகிப்போன கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவுக்குக் காத்திருக்கக் கூடாது. அப்படி ஒரு இரவு வந்தால் நிகழ்ச்சி எதுவும் கிடையாது. உங்கள் வேன் ஆட்களை இறக்கும் வேலைதான்.

பிள்ளைகளின் பாட்டும் கதையும் அப்படியே இருக்கட்டும், அதை நன்றாகச் செய்வீர்கள். முகம் தெரியும் படங்களை மட்டும் தாயைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு முடியுமானால், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணிதமும் விஞ்ஞானமும் இணையவழி சொல்லிக் கொடுங்கள். டேட்டா செலவு உங்கள் சபைக் கணக்கில் போகட்டும். தமிழ் மொழிமூலம் இந்த இரண்டு பாடத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது தோட்டப் பக்கம் எப்போதும் கஷ்டம். ஒரு வருடம் ஓட்ட முடியாதென்றால் தொடங்க வேண்டாம்.

இப்போதைக்கு வேண்டியவை: பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், நீங்கள் தங்கும் மண்டபத்தில் மலசலகூடம் ஒன்றுதான். பெரிய பஸ் தோட்ட ரோட்டில் திரும்பாது, வேன் இரண்டு பிடியுங்கள். சாப்பாட்டுச் சாமான்களை ஹற்றனில் வாங்கலாம், கொழும்பிலிருந்து சுமக்காதீர்கள். கம்பளி, டோர்ச், கடிக்கும் அட்டைக்கு நீளக் காலுறையும் சவர்க்காரமும். துரைக்கு, அதாவது தோட்ட மனேஜருக்கு, எழுதும் அனுமதிக் கடிதத்தோடு எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதியும் இந்த மாத முடிவுக்குள் எங்களுக்கு வர வேண்டும். மார்ச்சில் வரும் மூவரில் ஒருவராவது மேசன் வேலையோ குழாய் வேலையோ தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துச் சபையார்